கடல் வராத இரண்டாம் கட்டம்

போன மாதம் வடசேரிப் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரியில் காத்திருந்தேன். இடது கண்ணில் புரை வளர்ந்திருக்கிறது. எழுபத்தாறு வயதில் வேறு என்ன வளரும்? கூடத்துச் சுவரில் டோக்கன் எண் காட்டுவதற்கு ஒரு டி.வி. மாட்டியிருந்தார்கள். எண் எதுவும் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், ஆங்கிலத்தில், ‘இங்கே வந்தாயிற்று 2’ என்று ஒரு வரி. கொஞ்ச நேரம் கழித்து அதன் கீழே அதே வரி. அதற்கும் கீழே மறுபடியும் அதே.

பக்கத்தில் மண்டைக்காட்டிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாளுக்கு அதில் தெரிந்தது அந்த 2 மட்டும்தான். பொறுமை இழந்து நர்ஸைக் கூப்பிட்டார்.

"பிள்ளே, அந்த ரெண்டாம் நம்பரு ஆளு எங்கதான் போனாரு? எத்தன மட்டம் கூப்பிடுது! அவரு வரல்லேண்ணா என்ன விடு, நான் போறேன்."

"அத பாக்காதியம்மா. இன்னைக்குக் காலத்தேருந்து அது வாயில வந்தத சொல்லிட்டுக் கெடக்கு. நம்பர நாங்க வாயால கூப்பிடுவோம்."

நான் தனியாகச் சிரித்துக்கொண்டேன். அந்த வரி நோயாளிகளுக்காக எழுதப்பட்டதே இல்லை. எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து இந்த நிரலை எழுதிய யாரோ ஒருவர், தம் நிரல் எந்த இடம்வரை ஒழுங்காக ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளப் போட்டுவைத்தது. வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். மறந்துவிட்டார். நிரல் எழுதுவது என்பது கண்ணைக் கட்டிக்கொண்டு சொந்த வீட்டுக்குள் நடப்பதைப் போன்றது. சுவரைத் தடவி, ‘இது நடை, இது அடுக்களை’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனால்தான், முட்டிக்கொள்ளும்போது எங்கே முட்டினோம் என்று தெரியும். நிரல் அப்படி வாய்விட்டுச் சொல்லும் வரிகளை நாங்கள் லாக் என்று சொல்லுவோம். முகம் தெரியாத அந்த மறதிக்காரர்மேல் எனக்கு ஒரு பிரியம் வந்தது. அந்தப் பிரியம் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை.

நர்ஸ் மேசைக்கு அடியில் நேந்திரங்காய் வறுவல் பாக்கெட்டைப் பிரித்துவிட்டாள். அந்தத் தேங்காய் எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

நாங்கள் வேலை செய்த இடம் ஒரு வறுவல் கடையின் மாடி. கோட்டாருக்குப் போகும் சாலையில், ஏறும்போது தலையைக் குனிய வேண்டிய படிக்கட்டு. கீழே காலை பத்து மணிக்கு வாணலியை ஏற்றுவார்கள். பதினொரு மணிக்குள் மாடி முழுக்க அந்த வாசனை ஏறிவிடும். கீபோர்டைத் துடைத்தால் துணியில் மஞ்சள் பிடிக்கும். வீட்டுக்குப் போனால் என் மனைவி சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போறியளா, காய் வறுக்கப் போறியளா?" என்று கேட்பாள்.

கேட்கக்கூடிய கேள்விதான். நான் அதற்கு முன்னால் கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தவன். ஐம்பது தாண்டியதும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த ஒருவர் ஆரம்பித்த இந்தச் சின்னக் கம்பெனியில் போய்ச் சேர்ந்தேன். எல்லோரும் அவரை முதலாளி என்றுதான் கூப்பிடுவோம். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்து அனுப்புவது வேலை. படம் வரைவது, சத்தம் எழுப்புவது, விளையாடுகிறவர் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்று பார்ப்பது, ஒன்றோடொன்று மோதினால் என்ன ஆகும் என்று கணக்கிடுவது, இவையெல்லாம் ஒவ்வொரு விளையாட்டுக்கும் பொது. அந்தப் பொது வேலைகளைச் செய்யும் அடிப்படை நிரலுக்கு என்ஜின் என்று பேர். அதன் மேல் கார் வைத்தால் கார் விளையாட்டு, படகு வைத்தால் படகு விளையாட்டு. எங்கள் என்ஜினை எழுதியவன் நான். இயற்பியல்காரன் என்பதால் படகு சாய்வதும் கார் சறுக்குவதும் எனக்குச் சுலபமாக வந்தன. விளையாடத்தான் வரவில்லை. நான் ஓட்டிய படகு ஒருநாள்கூட கரையில் முட்டாமல் போனதில்லை. பிள்ளைகள் பின்னால் நின்று சிரிப்பார்கள்.

லாக் எழுதும் கருவியையும் நானே செய்திருந்தேன். யார் வேண்டுமானாலும் நிரலில் எங்கு வேண்டுமானாலும் ஒரு செய்தியைப் போடலாம். அது நேரத்தோடும் போட்டவர் பேரோடும் ஒரு கறுப்பு ஜன்னலில் வந்து விழும். அலுவலகத்தில் இருந்த ஆறு பேரையும் அந்த ஜன்னலில் குரல் கேட்பதுபோல அடையாளம் காணலாம். தாணு என்று சுசீந்திரத்துப் பையன் ஒருவன். கல்யாணமாகி ஒரு பிள்ளை இருந்தது, ஆனாலும் பையன் என்றுதான் சொல்ல வரும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவான். ‘வந்தாச்சு மக்கா’, ‘இங்கன வர ஒண்ணும் இல்ல’, ‘லேய் முட்டிட்டு, ஓடிரு’. ஒருமுறை வெளிநாட்டுக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, மக்கா என்பது எந்த வகைப் பிழை என்று கடிதம் எழுதிக் கேட்டிருந்தார்கள்.

நஸீமாவின் செய்திகள் வேறு மாதிரி. முழு வாக்கியம். ‘முதல் கட்டத்தின் படங்கள் ஏறி முடிந்தன. எண்ணிக்கை பதினான்கு.’ முற்றுப்புள்ளிகூட இருக்கும். படிக்கும்போதே நிம்மதியாக இருக்கும்.

அவள் குளச்சல்காரி. வாப்பாவுக்குத் துறைமுகப் பக்கம் வலையும் கயிறும் விற்கும் கடை. அவர்கள் தெருவிலிருந்து இப்படி ஒரு வேலைக்கு முதலில் வந்த பெண் அவள்தான். தெருவில் பலரும் பலதும் சொன்னபோது, "எனக்க மவ பொய் சொல்லமாட்டா, தப்பு செய்யமாட்டா. அது போரும்" என்று அவர் சொல்லிவிட்டாராம். அதை அவளே ஒருநாள் பெருமையாகச் சொன்னாள். அந்தியில் மஃரிப் பாங்கு சொல்வதற்கு முன்னால் வீடு சேர வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் போட்ட நிபந்தனை. மாலை நாலரை மணிக்கு மேசையை விட்டு எழுந்துவிடுவாள். அவள் அங்கே வேலை பார்த்தது முழுக்க அந்த மனிதர் தெருவுக்குக் கொடுத்த வாக்கின்மேல்தான்.

எங்களிடம் வேலை வாங்கும் நிறுவனத்துக்குப் பெங்களூரில் ஒரு அலுவலகம் உண்டு. ஒரு வருடத்துக்கு ஒரு ஆளை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். நான் நஸீமாவின் பேரைத்தான் எழுதிக் கொடுத்தேன். "பெருநாள் கழியட்டும், யோசிப்போம்" என்று அவள் வாப்பா சொல்லியிருந்தார். முடியாது என்று சொல்லவில்லை. அதுவே பெரிய காரியம் என்று அவள் அந்த வாரம் முழுக்கக் காலில் சக்கரம் கட்டினவள் மாதிரி நடந்தாள்.

எங்கள் வாசல்கதவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. அது என் ஏற்பாடு. நிரலில் பிழை வந்தால், யாருடைய மாற்றத்துக்குப் பிறகு வந்ததோ அவர் தம் கையாலேயே அதில் தம் பேரை எழுத வேண்டும். எல்லோருக்கும் ரசவடையும் சாயாவும் வாங்கித் தர வேண்டும். கடைசியில் கை வைத்தவர் பொறுப்பு, அவ்வளவுதான் சட்டம். வாத்தியாராக இருந்தவன் ஆயிற்றே, சட்டம் போடாமல் இருக்க முடியுமா? தாணு மாதம் இரண்டு முறை வடை வாங்குவான். என் பேர் அந்தப் பலகையில் ஒருநாளும் ஏறியதில்லை. அதில் எனக்கு வெளியே சொல்லாத ஒரு கர்வம் இருந்தது.

அந்த வருடம் செய்தது ஒரு படகு விளையாட்டு. முதல் கட்டம் ஆறு, இரண்டாம் கட்டம் கடல். கடலை நான் சமன்பாடுகள் போட்டு ஆட்டியிருந்தேன். நஸீமா பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன பிள்ளே?"

"ஒண்ணுமில்ல சாரே. கடலு இப்பிடி ஆடாது. இது சட்டியில கஞ்சி ஆடுத மாரில்லா இருக்கு."

தாணு, "சாரே, ஒரு துண்டு கருவாடும் போட்டிருவோம், சரியாப் போவும்" என்றான். அன்று எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நஸீமா சொல்லச் சொல்ல நான் அலையைத் திருத்தினேன். பெரிய அலைக்கு முன்னால் தண்ணீர் எப்படிப் பின்வாங்கும் என்று கையால் காட்டினாள். அந்தக் கடல் நன்றாக வந்தது. அதை எழுதிய மகிழ்ச்சியில்தான் அந்த வரியை எழுதினேன் என்று நினைக்கிறேன்.

அந்த வரியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கடினமில்லை. கடலின் படங்களை ஏற்றும் கட்டளை ஒன்று உண்டு. அது படங்களை ஏற்றிவிட்டு, எத்தனை ஏற்றினேன் என்று ஒரு எண்ணையும் தரும். அந்த எண்ணை லாக்கில் பார்க்க விரும்பினேன். முதலில் ஏற்று, பிறகு எண்ணை அச்சிடு என்று இரண்டு வரியாக எழுதுவதுதான் முறை. நான் அவசரத்தில், லாக் செய்தி எழுதும் வரிக்குள்ளேயே ஏற்றும் கட்டளையையும் செருகிவிட்டேன். ஒரே வரி. பார்க்க அழகாகக்கூட இருந்தது. கறுப்பு ஜன்னலில் ‘கடல் ஏறியது: 22’ என்று வந்து விழும்.

விளையாட்டை அனுப்புவதற்கு முன்னால் எல்லா லாக் செய்திகளையும் நிறுத்த வேண்டும். மக்கா கடிதத்துக்குப் பிறகு அதில் அவர்கள் கறாராக இருந்தார்கள். ஒவ்வொன்றாக அழிக்க வேண்டியதில்லை. ஒரு கோப்பில் ஒரு சொல்லை மாற்றினால் போதும். விளையாட்டு புதிதாகத் தயாராகும்போது, லாக் வரி ஒவ்வொன்றும் இல்லாததுபோல விலகிவிடும். அப்படித்தான் நான் அந்தக் கருவியைச் செய்திருந்தேன். வரி விலகினால் வரிக்குள் இருப்பதெல்லாம் சேர்ந்து விலகும் என்பதை அதைச் செய்தவனான நானே மறந்துவிட்டேன்.

அந்தச் சொல்லை மாற்றும்படி நஸீமாவிடம் சொன்னேன். மாற்றினாள். பிறகு வந்து நின்றாள்.

"சாரே, எல்லாத்தையும் எடுத்த பொறவு ஒருக்க ரெண்டாம் கட்டம் வர ஓட்டிப் பாக்கட்டா? நாளைக்கு உச்சைக்குள்ள முடிச்சிருவேன்."

"எதுக்கு? வெறும் பேச்சத்தானே நிறுத்தியிருக்கோம். முதல் கட்டம் ஓடுதில்லியா? அனுப்பு."

"இல்ல சாரே, ஒருக்கா…"

"அனுப்பும்மா."

அனுப்பினாள்.

மூன்றாம் நாள் அந்த நிறுவனம் விளையாட்டைத் தங்கள் பெரியவர்கள் முன்னால் ஓட்டிக் காட்டியது. ஆறு முடிந்து படகு கடலுக்குள் நுழைந்தது. கடல் வரவில்லை. கறுப்பு வெளியில் படகு மட்டும் இரண்டு நொடி நின்றது. பிறகு எல்லாம் மூடிக்கொண்டது. லாக் இல்லாததால் ஏன் என்று சொல்ல ஒரு வரிகூட இல்லை. அன்று மதியமே, அடுத்த விளையாட்டு எங்களுக்குக் கிடையாது என்று செய்தி வந்தது.

முதலாளி கூடத்தின் நடுவில் நின்று கத்தினார். "கடைசில யாரு கைய வச்சது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் மாற்றங்களின் பட்டியலைப் பார்த்துச் சொல்பவன். கடைசியில் இருந்தது நஸீமாவின் பேர். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவளே எழுந்து போய்ப் பலகையில் பேரை எழுதினாள். அன்று யாரும் வடை கேட்கவில்லை. அவள் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று முதலாளி சொன்னார்.

அந்த நேரம்வரை எனக்கும் காரணம் தெரியாது. இதை என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. இதற்கு மேல் என்னைக் காப்பாற்ற எதுவும் இல்லை.

மறுநாள் காலை மற்றவர்கள் வருவதற்கு முன்னால் போய் உட்கார்ந்து தேடினேன். கீழே இன்னும் வாணலி ஏறவில்லை. அரை மணி நேரத்தில் அந்த வரி கண்ணில் பட்டது. என் பேர், என் கை. கீபோர்டின்மேல் வைத்த விரல்களை எடுக்கத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். செய்ய வேண்டியது என்ன என்று தெரிந்தது. எழுந்து எட்டு அடி வைத்தால் பலகை. நஸீமாவின் பேரை அழித்துவிட்டு என் பேரை எழுத வேண்டும். முதலாளியைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த ஒரு வரியை இரண்டு வரியாகப் பிரித்துச் சரிசெய்தேன். அது மட்டும் மாறியிருந்தால் பட்டியலில் துருத்திக்கொண்டு தெரியும். அதனால் இன்னும் முப்பத்தொன்பது கோப்புகளைத் திறந்து, வரிகளுக்கு முன்னால் விட்டிருந்த வெற்றிடத்தை மட்டும் கூட்டியும் குறைத்தும் வைத்தேன். ‘எழுத்து ஒழுங்கு செய்தது’ என்று குறிப்பு எழுதிச் சேர்த்தேன். முதலாளி வந்ததும், "அந்தப் பிள்ள மாத்தினதுல ஏதோ விட்டுப்போச்சு. சரியாக்கிட்டேன்" என்றேன். முப்பது வருடம் வகுப்பில் நின்று, விடைத்தாளில் காப்பியடித்த பிள்ளைகளுக்கு நியாயம் சொன்னவன் நான்.

அதற்கு மறுநாள் அவள் வாப்பா வந்தார்.

மெலிந்த மனிதர். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு. கையில் வலைநூல் அறுத்த பழைய தழும்புகள். நஸீமா தன் சாமான்களை எடுத்துக்கொள்ள மேசைக்குப் போனாள். அவர் நேராக என் அறைக்குள் வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சாரே, நான் படிச்சவன் இல்ல. அவ வீட்டுல ஒண்ணும் பேச மாட்டேங்கா. முதலாளிய எனக்குத் தெரியாது, நீங்க அவளுக்கு வாத்தியாரு மாரி. ஒரு காரியம் மட்டும் கேக்க வந்தேன். எனக்க மவ தப்பு செஞ்சாளா, செய்யல்லியா?"

இரண்டே பதில்கள்தான் உண்டு. நான் மூன்றாவது ஒன்றைக் கண்டுபிடித்தேன்.

"வேலைண்ணா பிழ எல்லாருக்கும் வரத்தான் செய்யும் பாய். நான் மனசுல ஒண்ணும் வைக்கல. நீங்களும் அவள ஏசாதிய."

அவர் கண் நிறைந்துவிட்டது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பெரிய மனசு சாரே உங்களுக்கு. இத நான் மறக்கமாட்டேன்."

அவள் செய்யாத தப்பை நான் மன்னித்தேன். என் வாழ்க்கையில் செய்தவற்றில் இதைவிடக் கீழான காரியம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அவர் மறக்கவும் இல்லை. அடுத்த நோன்புப் பெருநாளன்று குளச்சலிலிருந்து ஒரு ஆள் தூக்குச்சட்டியில் நெய்ச்சோறும் கோழியும் கொண்டுவந்து வீட்டில் கொடுத்தார். அடுத்த வருடமும். அதற்கடுத்த வருடமும். "எத்தன நல்ல மனுசம்மாரு, பாத்தியளா? நீங்க அந்தப் பிள்ளைக்கு என்ன அப்பிடிச் செஞ்சிய?" என்று என் மனைவி கேட்பாள். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவேன். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். இறங்கியது. ருசியாகவும் இருந்தது. நான்காம் வருடம், வீட்டை மாற்றிக்கொண்டு பார்வதிபுரம் பக்கம் போனோம். புது விலாசத்தை நான் யாருக்கும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் அன்று என் எண்ணை வாயால் கூப்பிட்டது காதில் விழவில்லை. மண்டைக்காட்டு அம்மாள்தான் தோளைத் தட்டி, "உங்களத்தான் விளிக்கா" என்றார். டாக்டர் அடுத்த மாதம் அறுவைசிகிச்சை என்றார். சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, இப்போது மஸ்கட்டில் இருக்கும் தாணுவுக்குப் போன் செய்தேன்.

"சாரே! என்ன அதிசயம்! உயிரோட இருக்கியளா?"

"இருக்கேன்டே. நஸீமா இப்ப எங்க இருக்கா, தெரியுமா?"

"அவ குளச்சல்லதான். பிள்ளையளுக்குக் கம்ப்யூட்டர் டியூசன் எடுக்கா. என்ன சாரே, திடீர்னு?"

"சும்மா" என்றேன். அந்த ஒரு சொல்லைத்தான் இத்தனை காலமும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

குளச்சலுக்குப் போவதற்கு முன்னால் ஒரு முட்டாள்தனம் செய்தேன். சாட்சிக்கு அந்த வரியைக் கையில் கொண்டுபோக வேண்டும் என்று தோன்றியது. வறுவல் கடை இருந்த இடத்தில் இப்போது போன் உறை விற்கிறார்கள். மாடிக்குப் படிக்கட்டே இல்லை. முதலாளி இறந்து பல வருடமாயிற்று. கம்ப்யூட்டர்களைப் பழைய சாமான் எடுப்பவருக்கு விற்றுவிட்டதாக அவர் மகன் சொன்னார். என்னிடம் இருந்த பழைய கம்ப்யூட்டர் வட்டு ஒன்றை எந்தக் கடையிலும் திறக்க முடியவில்லை. நான் எழுதிய அந்த வரி, அதை மறைக்க நான் மாற்றிய நாற்பது கோப்புகள், நஸீமா கையால் காட்டித் தந்த அலை, எதுவும் இன்று எங்கும் இல்லை. நான் பொய் சொன்னேன் என்பதற்கு நானே சொன்னால்தான் சாட்சி.

குளச்சலில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. முன்னறையில் ஐந்து கம்ப்யூட்டர்கள், துணி போர்த்தி வைத்திருந்தன. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவளே வந்தாள். கண்ணாடி போட்டிருக்கிறாள். காதோரம் நரைத்திருக்கிறது.

"சாரே! வாருங்க, வாருங்க. முடி எல்லாம் எங்க போச்சு?"

சாயா கொண்டுவந்தாள். பிள்ளைகளைப் பற்றி, என் மனைவி தவறிப்போனதைப் பற்றி, தாணுவைப் பற்றிப் பேசினோம். பிறகு நான் சொன்னேன். சுற்றி வளைக்காமல், வரியிலிருந்து ஆரம்பித்து, நெய்ச்சோறுவரை. முடித்ததும் அவள் காலி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"அந்த வரி எனக்குத் தெரியும் சாரே."

"எப்ப?"

"சாமான் எடுக்க வந்தேன்லா, அன்னைக்கு. பழக்கத்துல மாத்தினதுக்க பட்டியல தொறந்து பாத்தேன். நாப்பது ஃபைலு மாத்தியிருந்திய. முப்பத்தொம்பதுல வெறும் எடம். ஒண்ணுல மட்டும் ஒரு வரி ரெண்டு வரியாப் போயிருந்து."

"பின்ன ஏம்மா சொல்லல்ல?"

"நீங்க சொல்லுவியன்னு நெனச்சேன். வாப்பா உங்க ரூமுக்குள்ள நிக்கேல, நான் வாசல்லதான் நிந்தேன். இப்ப சொல்லுவாவ, இப்ப சொல்லுவாவன்னு நிந்தேன்."

தெருவில் ஐஸ் வண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு போயிற்று.

"வாப்பாட்ட நீயாவது சொல்லியிருக்கலாமே" என்றேன். வெட்கமில்லாமல்தான்.

"சொன்னேன் சாரே. திரும்பி வரேல பஸ்சுல வச்சே சொன்னேன். வாப்பா நம்பல்ல. ‘உனக்க தப்ப பொறுத்த மனுசன் மேலயா பழி போடுக? எனக்க மவளா நீ?’ன்னு கேட்டாவ. அதுக்குப் பொறவு வீடு வந்து சேருற வர ஒரு வார்த்த பேசல்ல." குரல் உயரவே இல்லை. "பெங்களூருக்கு வேற வேல தேடிப் போவ விடாதது, இங்கன வேலைக்கு விடாதது, எல்லாம் நான் தப்பு செஞ்சேன்னு இல்ல. பொய் சொல்லுகேன்னுதான். தப்பு செஞ்சிருந்தா விட்டிருப்பாவ."

நான் எழுந்துவிட்டேன். "வாப்பா எங்க? கடையிலயா? இப்பமே சொல்லுகேன். உனக்க முன்னால வச்சு சொல்லுகேன்."

"இருங்க சாரே. வாப்பா மவுத்தாகி ஆறு வருசம் ஆச்சு."

அவள் ஒரு நாற்காலியை என் பின்னால் நகர்த்திவிட்டாள்.

"கடைசி வரைக்கும் உங்கள நல்ல மனுசன்னுதான் சொல்லுவாவ" என்றாள். "என்னப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

மன்னிப்பு கேட்டேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் வரும் நேரமாயிற்று என்று கம்ப்யூட்டர்களின்மேல் கிடந்த துணியை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். நான் கேட்டதற்கு, வாப்பாவை அடக்கம் செய்த கபர்ஸ்தானுக்கு வழி மட்டும் சொன்னாள்.

பள்ளிவாசலுக்குப் பின்னால், கடல் சத்தம் கேட்கும் தூரத்தில் அது இருக்கிறது. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். வலைக்கடைக்காரர் என்று சொன்னதும் அவருக்குத் தெரிந்தது. மணல் மேடுகளுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போனார். தலைமாட்டில் ஒவ்வொரு கல். எதிலும் பேர் இல்லை.

"ஆறு வருசம்னா இந்த வரிசதான். இதா இருக்கும். இல்லேண்ணா அடுத்தது."

"எதுன்னு சரியாத் தெரியாதா?"

"நாலு மழ அடிச்சா எல்லாம் ஒண்ணு போலத்தானே இருக்கும் சாரே. நீங்க என்ன, கடையில பழக்கமா?"

"இல்ல. அவருக்க மவகூட வேல பாத்தேன்."

அவர் தலையாட்டிவிட்டு மறுபடி கூட்டப் போனார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு மேடுகளுக்கும் நடுவில் நின்றேன். மணல் சுட்டது.

"பாய், அன்னைக்கு பஸ்சுல உங்க மவ சொன்னது உண்ம" என்று சொன்னேன். ஒருமுறை இந்தப் பக்கம் பார்த்து, ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்து.